ஒரே கோடு, இரண்டு எண்: விண்டோஸின் பழங்கிரேக்க விசைப்பலகை

ஹோமரையோ பிளேட்டோவையோ புதிய ஏற்பாட்டையோ மூலமொழியில் படிக்கிறவர்களுக்கு விண்டோஸிலேயே ஒரு நல்ல கருவி இருக்கிறது. மொழி அமைப்பில் கிரேக்கத்தைச் சேர்த்து, 'கிரீக் பாலிடோனிக்' விசைப்பலகையைத் தேர்ந்தெடுத்தால் போதும். காசு இல்லை, தனி மென்பொருளும் வேண்டாம்.

சாதாரண கிரேக்க விசைப்பலகை இங்கே உதவாது. கிரேக்க நாடு 1982-இல் அன்றாட எழுத்தில் பழைய குறிகளை விட்டுவிட்டு ஒற்றை அழுத்தக்குறிக்கு மாறிவிட்டது. பழைய நூல்களிலோ ஓர் உயிரெழுத்தின் தலையில் மூச்சுக்குறியும் அழுத்தக்குறியும், அடியில் ஒரு சின்ன அயோட்டாவும் சேர்ந்தே வரலாம். இவை அலங்காரம் அல்ல. 'ஒரோஸ்' என்றால் மலை. மூச்சுக்குறியை மட்டும் மாற்றினால் 'ஹொரோஸ்', அதாவது எல்லை.

தட்டச்சு

முதலில் குறி, பிறகு எழுத்து. சதுர அடைப்பு விசையைத் தட்டும்போது திரையில் எதுவும் தெரியாது. அடுத்து உயிரெழுத்தைத் தட்டியதும் வளைகோடு என்ற அழுத்தக்குறியோடு வந்து விழும். வலப்பக்க ஆல்ட் விசையையும் சேர்த்துக்கொண்டால் அடியில் அயோட்டா ஒட்டிக்கொள்ளும். மூச்சுக்குறி, வளைகோடு, அயோட்டா மூன்றும் கொண்ட ஓமெகாவைக்கூட இப்படி இரண்டே தட்டலில் எழுதிவிடலாம்.

1970-களில் டேவிட் பேக்கார்டு வகுத்த 'பீட்டா கோட்' முறையில் பழகியவர்களுக்கு முதலில் கை தடுமாறும். அங்கே சிறிய எழுத்துகளில் எழுத்து முதலில், குறி பின்னால். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் அர்வைன் வளாகத்தில் 1972-இல் தொடங்கிய 'தெசாரஸ் லிங்குவே கிரைக்கே' திட்டம் தன் கிரேக்க இலக்கியச் சேகரத்தை அந்த முறையில்தான் கணினியில் ஏற்றியது.

குறியாக்கம்

எனக்குக் கவலை தருவது இந்த இடம்தான். யூனிகோடில் 'கிரீக் எக்ஸ்டென்டட்' தொகுதியில் 233 குறியெழுத்துகள் உள்ளன. மேலே சொன்ன ஓமெகாவுக்கு அங்கே ஒரே எண். யூடிஎஃப்-8 முறையில் 3 பைட். அதையே அடிப்படை எழுத்தும் மூன்று ஒட்டுக்குறிகளுமாகப் பிரித்து எழுதினால் 4 எண்கள், 8 பைட். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. தமிழில் 'கொ' எழுத ஒகரக் குறியை ஒரே எண்ணாகவும் இடலாம், ஒற்றைக் கொம்பு, கால் என இரண்டாகவும் இடலாம்; அதே சிக்கல்தான்.

விசைப்பலகையிலேயும் இந்த இரட்டை வேடம் உண்டு. அரைப்புள்ளி விசை தருவது இன்றைய 'டோனோஸ்'. கியூ விசை தருவது பழைய 'ஆக்ஸியா'. இரண்டும் ஒரே சாய்கோடு, எண்கள் வேறு. ஒன்றில் எழுதிய சொல்லை மற்றதில் தேடினால், எளிய உரைத்திருத்தியில் சொல் கண்ணெதிரே இருந்தும் 'இல்லை' என்றே பதில் வரும். பெரிய அகராதியையோ பாடத்தொகுப்பையோ நம்பி ஆய்வு செய்கிறவருக்கு இது சின்னக் குறை அல்ல.

மருந்து எளிது. 'என்எஃப்சி' என்ற சீராக்கம் இரண்டையும் டோனோஸின் எண்ணுக்கே கொண்டுவந்துவிடும். பைத்தானில் ஒரே வரியில் முடிகிற வேலை.

எழுத்துரு

நெடில் காட்டும் கோட்டுக்கு மேல் அழுத்தக்குறி வரும் ஆல்ஃபாவுக்குத் தனி எண்ணே கிடையாது. ஒட்டுக்குறியை எழுத்துருதான் சரியாக ஏற்றி வைக்க வேண்டும். தரமற்ற எழுத்துருவில் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கலங்கும். ஜென்டியம் எழுத்துரு இதைச் சுத்தமாகச் செய்கிறது, அதுவும் இலவசம்தான்.

தீர்ப்பு

நிறை: இலவசம், வேகம், மூன்று குறிகளுக்கும் வழி. குறை: விசைகளில் அடையாளம் இல்லாததால் வரைபடத்தைப் பக்கத்தில் வைத்தே பழக வேண்டும், டோனோஸ், ஆக்ஸியா குழப்பத்தைப் பற்றி எந்த எச்சரிக்கையும் இல்லை. பழங்கிரேக்கம் படிக்கத் தொடங்குகிறவர்கள் தயங்காமல் இதையே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் கோப்பைச் சேமிக்கும் முன்பும் பிறருக்கு அனுப்பும் முன்பும் என்எஃப்சி-க்கு மாற்றிவிடுங்கள்.