பெயர் முந்திச் சென்ற பயணங்கள்

ஐரோப்பியப் பயண இலக்கியத்தில், புகழ்பெற்ற எழுத்தாளர்களின் பிள்ளைகளும் உறவினரும் எழுதிய நூல்கள் ஒரு தனி வரிசையாக நிற்கின்றன. அவற்றுள் பல, அட்டையிலுள்ள பெயர் எழுப்பிய எதிர்பார்ப்பை உள்ளே நிறைவேற்றுவதில்லை. அறிமுகமில்லாத நிலத்தில் அறிமுகமில்லாதவராக நின்று கண்டதை எழுதுவதே பயண நூலின் இயல்பு என்பதால், செல்லும் ஊர்தோறும் குடும்பப் பெயர் முன்கூட்டியே போய்ச் சேர்ந்துவிட்டால், பயணி காண்பது அந்தப் பெயருக்குக் கிடைத்த வரவேற்பையே, அந்த ஊரை அன்று.

இதை மிகத் தெளிவாகக் காட்டும் நூல், ஜெர்மன் நாவலாசிரியர் தாமஸ் மானின் மூத்த மக்களான எரிகாவும் கிளவுஸும் சேர்ந்து எழுதி 1929இல் வெளியிட்ட 'ருண்ட்ஹெரும்' ஆகும். 'சுற்றிலும்' என்பது இந்த ஜெர்மன் சொல்லின் பொருள். 1927இல் புறப்பட்டு அமெரிக்கா, ஹவாய், ஜப்பான், கொரியா, சோவியத் ஒன்றியம் வழியாக உலகைச் சுற்றி மறு ஆண்டு ஊர் திரும்பிய அவ்விருவரும், எரிகா 1905இலும் கிளவுஸ் 1906இலும் பிறந்திருந்தும், அமெரிக்காவில் தம்மை 'இலக்கிய இரட்டையர்' என்று விளம்பரப்படுத்திக்கொண்டனர். விருந்துகளும் விடுதிகளும் ஹாலிவுட்டில் சந்தித்த பிரபலங்களும் நிறைந்த அந்நூலில், ஆசிய மக்களின் அன்றாட வாழ்வு போகிற போக்கிலேயே தென்படுகிறது. இருபதை ஒட்டிய வயதினரின் உற்சாகம் என்று இதனைப் பொறுத்துக்கொள்ளலாம். எனினும் 1933 தொடக்கத்தில் 'மிளகு ஆலை' என்னும் அரசியல் நையாண்டி அரங்கை மியூனிக்கில் நிறுவிய எரிகாவிடமும், நாடு நீங்கிய நிலையில் 1936இல் 'மெஃபிஸ்டோ' நாவலை எழுதிய கிளவுஸிடமும் இருந்த கூர்மையை அறிந்தவருக்கு, இந்நூல் தரும் ஏமாற்றம் மிகுதியாகவே இருக்கும்.

ஆங்கில நாவலாசிரியர் ஆண்டனி ட்ராலப்பின் நிலை வேறு. 1862இல் 'வட அமெரிக்கா' என்னும் பயண நூல் வெளிவந்தபோது அவர் தம் நாவல்களாலேயே பெயர் பெற்றிருந்தார். ஆனால் சின்சினாட்டியில் வணிகம் செய்து நொடித்துத் திரும்பிய அவருடைய தாய் ஃபிரான்சஸ், 1832இல் எழுதிய நூலில் அமெரிக்கரின் பழக்கவழக்கங்களைக் கடுமையாகச் சாடியிருந்ததால், அந்த மனக்கசப்பைத் தணிக்கும் கடமையையும் மகன் சுமந்து சென்றார். தாயின் நூலில் பட்ட அடியின் வேகம் இருந்தது. மகனின் நூலோ நீண்டு தளர்ந்தது. அது அலுப்பூட்டுவது, குழப்பமானது என்று ட்ராலப்பே தம் தன்வரலாற்றில் ஒப்புக்கொண்ட நேர்மை மதிக்கத்தக்கது.

குடும்பப் பெயர் எப்போதும் தடையாவதில்லை என்பதற்குப் பார்பரா கிரீன் சான்றாவார். 1935இல் ஒன்றுவிட்ட சகோதரரான நாவலாசிரியர் கிரஹாம் கிரீனுடன் லைபீரியக் காடுகளை நடந்தே கடந்த அவர், 1938இல் அப்பயணத்தைத் தனி நூலாக்கினார். அதே பயணத்தைப் பற்றிக் கிரஹாம் எழுதிய நூலில் பார்பரா அரிதாகவே தோன்றுகிறார். புகழின் நிழலில் நடந்தும் அதனிடம் எதையும் கேட்காத பார்பராவின் நூல், 1981இல் புதுத் தலைப்புடன் மறுபதிப்புப் பெற்றது. கிரஹாமைத் தேடி அதைத் திறக்கும் வாசகர், காய்ச்சலில் கிடக்கும் அவர் இரவைத் தாண்டுவாரா என்று எண்ணும் ஒரு பெண்ணைக் காண்கிறார்.