மலையகப் புகையிரதப் படங்கள்: ஒரு மதிப்பீடு

புகையிரதங்களையும் பழைய நீராவி எஞ்சின்களையும் படம்பிடிப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டோர் உலகின் பல நாடுகளிலும் உளர். இலங்கையில் இப்பொழுதுபோக்கின் தலையாய களம் மலையகமேயாகும். நாவலப்பிட்டியிலிருந்து ஹட்டன், தலவாக்கலை, நானுஓயா வழியாகப் பதுளை வரை செல்லும் பாதையில் எடுக்கப்பட்ட படங்கள் அஞ்சலட்டைகளிலும் நாட்காட்டிகளிலும் உல்லாசப் பயண ஏடுகளிலும் நிறைந்து கிடக்கின்றன. அவை கண்ணைக் கவர்வன என்பதில் ஐயமில்லை. ஆயின், அவ்வழகு எதனைக் காட்டுகிறது, எதனைக் காட்டாது விடுகிறது என்பது திறனாய்வு நோக்கில் எழுப்பப்பட வேண்டிய வினாவாகும்.

இப்பாதை படக்கலைக்கு இத்துணை இசைவாக அமைந்தமைக்குப் பொறியியற் காரணங்கள் உண்டு. ஐந்தரை அடி அகலப் பாதை இது. நாவலப்பிட்டிக்கு மேல் 44 அடிக்கு ஓர் அடி என்னும் செங்குத்தான ஏற்றமும், 5 சங்கிலி, அதாவது 330 அடி ஆரமே கொண்ட வளைவுகளும் இதில் உள்ளன. அகலப் பாதைக்கு இவ்வளைவுகள் மிகக் குறுகியவை. இதனால் பின்பெட்டியின் யன்னலில் இருப்பவருக்கும் முன்னே செல்லும் எஞ்சின் முழுமையாகத் தெரிகிறது. வண்டி மெல்லச் செல்வதால் கமராவைச் சரிசெய்ய நேரமும் கிடைக்கிறது. நீராவிக் காலத்தில் ஏற்றத்தில் எஞ்சின் முழு வலுவுடன் உழைத்தமையால் புகையும் மிகுதியாக எழுந்தது. இவ்வேற்றத்தில் இரண்டு எஞ்சின்களின் வேலையை ஒன்றே செய்யும் பொருட்டு, மன்செஸ்டரின் பெயர் பீக்கொக் நிறுவனம் செய்த கறற் வகை எஞ்சின் 1927இல் தருவிக்கப்பட்டது. படப்பிடிப்பாளர் விரும்பும் வளைவும் புகையும் மந்த கதியும் மலையோடு இயந்திரம் நடத்திய போராட்டத்தின் விளைவுகளேயாம்.

இப்பொழுதுபோக்கின் பெருமை அதன் துல்லியத்திலே தங்கியுள்ளது. தேர்ந்த புகையிரத ஆர்வலர் ஒருவர் எஞ்சினின் வகை, இலக்கம், செய்த நிறுவனம், ஆண்டு, படம் எடுத்த இடம், திகதி ஆகியவற்றைக் குறித்து வைக்காத படத்தை முழுமையான படமாகக் கொள்வதில்லை. கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடாவிலிருந்து 1954இல் வரத்தொடங்கிய டீசல் எஞ்சின்களுள் 569 ஒன்ராறியோ என்றும், 570 அல்பேர்ட்டா என்றும் பெயர் பெற்றதை அவர் மனப்பாடமாகச் சொல்வர். இத்தகைய பதிவுகள் வரலாற்றுக்குப் பயன்படுவன. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை 1903ஆம் ஆண்டு முதல் அமைக்கப்பட்ட இரண்டரை அடிக் குறும்பாதை 1940இல் மூடப்பட்டது. தண்டவாளங்கள் அகற்றப்பட்டுவிட்ட அப்பாதையின் தோற்றத்தை இன்று பழைய படங்களைக் கொண்டே அறியவேண்டியுள்ளது. 2014 டிசம்பரில் கடுகண்ணாவையில் திறக்கப்பட்ட புகையிரத நூதனசாலையும் பழைய எஞ்சின்கள்பால் உள்ள இவ்வார்வத்துக்கு ஒரு சான்றாகும்.

ஆயின் இத்துல்லியம் எஞ்சினோடு நின்றுவிடுகிறது என்பதே இப்படங்களின் அடிப்படைக் குறைபாடு. புகையிரதம் 1867இல் கண்டியை அடைந்தது; நானுஓயாவை 1885இல் அடைந்தது. கோப்பியைத் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்லும் தேவையே இப்பாதைக்கு வித்திட்டது. 1869இல் தோன்றிய இலைநோயால் கோப்பி அழிய, பாதை மேலேறியபோது அதன் முதன்மைச் சரக்காகத் தேயிலை அமைந்தது. தோட்டங்களைத் திறந்தவர்களும் பாறையை உடைத்துப் பாதை அமைத்தவர்களுள் பெரும்பாலோரும் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளராவர். 1986இல் தொடங்கிய வைஸ்ரோய் சிறப்பு வண்டியை இழுத்த நீராவி எஞ்சின்களுள் ஒன்று சேர் தோமஸ் மெயிற்லண்ட் எனவும் மற்றொன்று பிரெடெரிக் நோர்த் எனவும் பெயர் தாங்கின. இருவரும் ஆங்கில ஆள்பதிகள். தேசாதிபதிகளுக்கும் கனடிய மாகாணங்களுக்கும் இப்பாதையில் பெயர்ப்பலகை கிடைத்தது. ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையே சிங்கமலைச் சுரங்கத்தைக் குடைந்தவர்களுக்கு அது கிடைக்கவில்லை. படக்கலை இந்நிலையை மாற்றவில்லை; தன் குறிப்புகளிலும் அதனையே தொடர்ந்தது.

இன்று மிகுதியாகக் காணப்படும் படத்தின் அமைப்பைச் சற்று நோக்கலாம். பச்சைச் சரிவு, அதன் நடுவே வளைந்து செல்லும் வண்டி, பெரும்பாலும் 2012இல் சீனாவிலிருந்து வந்த நீலநிற வண்டி, தொலைவில் மூடுபனி, ஒரு மூலையில் கூடை சுமந்து கொழுந்து கொய்யும் பெண்கள். வண்ணச் சமநிலைக்கு அவர்களது சேலை தேவைப்படுகிறது. அவர்களது முகம் தேவைப்படவில்லை. பச்சைக்கு எதிரே சிவப்பும் மஞ்சளும் எவ்வாறு பயன்படுமோ அவ்வாறே அவர்கள் பயன்படுத்தப்படுகின்றனர். படத்தின் கீழே எஞ்சினின் இலக்கம் இருக்கும். தோட்டத்தின் பெயர்கூட இராது. பின்னணியில் லயன் வரிசை தென்பட்டால் சட்டகம் சற்று விலக்கப்படும். உழைப்பு நிகழும் இடத்தை உழைப்பு நீங்கிய காட்சியாக மாற்றுவதில் இப்படங்கள் பெருவெற்றி கண்டுள்ளன.

இதற்கு ஒரு பழைய முன்னோடியும் உண்டு. புகையிரதம் ஹட்டனை அடையுமுன்னரே மலையகத்துக்குக் கமரா வந்துவிட்டது. ஆங்கிலப் படக்கலையின் முதல்வருள் ஒருவராகிய யூலியா மார்கிரட் கமரன் 1875இல் இலங்கைக்கு வந்தார். அவரது குடும்பத்துக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தன. டிக்கோயாப் பகுதித் தோட்டமொன்றில் 1879இல் காலமாகிய அவர் பொகவந்தலாவைத் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். இங்கிலாந்தில் அவர் எடுத்த டெனிசன், டார்வின், ஹேர்ஷல் ஆகியோரின் முகங்கள் உலகப் புகழ் பெற்றவை. இலங்கையில் அவர் எடுத்தவற்றுள் எஞ்சியவை மிகச் சில. அவற்றிலும் முகங்களை அவர் அணுகி நோக்கியுள்ளார். ஆயினும் ஒரு படம் களுத்துறைக் குடியானவர் கூட்டம் என்றே தலைப்பிடப்பட்டுள்ளது. முகத்தை உணர்ந்த கலைஞரும் பெயரைக் கேட்டுப் பதியவில்லை. பின்வந்தோர் முகத்தையும் விட்டுவிட்டனர்.

வேறுவகையான முயற்சிகளும் இல்லாமலில்லை. தேயிலை விளம்பரச் சபைக்காக பசில் றைற் இயக்கி 1934இல் வெளிவந்த ‘சோங் ஒஃப் சிலோன்’ என்னும் படத்தின் மூன்றாம் பகுதி, வணிகத்தின் குரல்களை உழைக்கும் மக்களின் காட்சிகளோடு இணைத்துக் காட்டுகிறது. விளம்பரத்துக்காகப் பணம் கொடுக்கப்பட்ட படமே, பண்டம் எங்கிருந்து எங்கே செல்கிறது என்னும் உண்மையை உணர்த்திவிடுகிறது. அமெரிக்காவில் வின்ஸ்டன் லிங்க் என்பவர் 1955 முதல் சில ஆண்டுகள், நோர்போக் அன்ட் வெஸ்டேர்ன் பாதையின் இறுதி நீராவி எஞ்சின்களை இரவில் மின்வெட்டொளி கொண்டு படம்பிடித்தார். அவர் படங்களில் எஞ்சின் வீட்டு முற்றத்தைக் கடக்கிறது; நீராடும் சிறுவருக்கு மேலுள்ள பாலத்திற் செல்கிறது; காரிலிருந்து திரைப்படம் பார்க்கும் காதலரின் பின்னே விரைகிறது. அவை முன்னேற்பாட்டுடன் எடுக்கப்பட்டவையே. எனினும் பாதையோரத்து மனிதர் எஞ்சினுக்கு அலங்காரமாக அமையாமல், ஒரு வாழ்க்கைமுறை முடிவுறுவதன் சாட்சிகளாக நிற்கின்றனர். எஞ்சின்மீது கொண்ட காதல் மனிதரை மறக்கச் செய்யும் என்பது நியதியன்று என்பதை லிங்கின் படங்கள் நிறுவுகின்றன.

மலையகத்தில் இத்தகைய சாட்சியம் எவ்வளவு தேவையானது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். தோட்டத்து மக்கள் புகையிரதத்தைக் ‘கோச்சி’ என்பர். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட அவர்களுள் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென 1964 ஒக்டோபரில் செய்யப்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் விதித்தது. மலையக நிலையங்களிலே உறவினரைப் பிரிந்து, தலைமன்னார் சென்று கப்பலேறிய மக்களைச் சுமந்த வண்டி ‘ஒப்பாரிக் கோச்சி’ எனப் பெயர் பெற்றது. மு. சிவலிங்கத்தின் சிறுகதைத் தொகுதி ஒன்று அப்பெயரையே தாங்கியுள்ளது. 1984இல் தலைமன்னார்க் கப்பற் சேவை நின்றுபோயிற்று. அவ்வண்டிகளை இழுத்த எஞ்சின்களின் வகையையும் இலக்கத்தையும் ஆர்வலர் ஏடுகளிலே தேடலாம். அவற்றில் ஏறியவர்களின் துயரைச் சிறுகதையிலும் வாய்மொழியிலுமே தேடவேண்டியுள்ளது. அதே மேடை, அதே தண்டவாளம். ஆயினும் இரு வரலாறுகளும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை.

ஓய்வு நேரத்தில் மனமகிழ்ச்சிக்காகப் படமெடுப்பவரிடம் சமூக வரலாற்றை எதிர்பார்த்தல் தகுமோ என ஒரு தடை எழுப்பப்படலாம். அது புறக்கணிக்கத்தக்க தடையன்று. எல்லாப் படங்களும் கண்ணீரையே காட்டவேண்டும் என்பதும் ஒருவகை வறட்சியேயாகும். தோட்டத்து மக்களை எப்பொழுதும் இரங்கத்தக்கவராகக் காட்டுதல் அவர்களை அலங்காரமாகக் காட்டுதலுக்குச் சற்றும் உயர்ந்ததன்று. ஆனால் இங்கு வேண்டப்படுவது வெளியிலிருந்து திணிக்கப்படும் கொள்கை எதுவுமன்று. இலக்கமும் இடமும் திகதியுமின்றிப் படம் நிறைவுறாது என்பது ஆர்வலர் தாமே வகுத்துக்கொண்ட அளவுகோல். அவ்வளவுகோலைச் சட்டகத்துள் உள்ள அனைத்துக்கும் விரித்தால் போதுமானது. எந்தத் தோட்டம், எந்த மலை, கொய்து நிற்பவர் யார், அவர் தம் பெயரைக் குறிக்க இசைந்தாரா என்னும் வினாக்களைக் கேட்பதற்கு வண்டி கடந்து சென்றபின்னர் நேரம் நிறையவே உண்டு.

இன்று லயன் அறைகளில் வளர்ந்த இளைஞரின் கையிலும் கைபேசிக் கமரா இருக்கிறது. அவர்களிற் பலரும் அஞ்சலட்டை கற்பித்த கோணத்தையே தேடிச்சென்று அதனையே மீண்டும் எடுக்கின்றனர். அக்கோணம் அவர்களது மலையை அந்நியர் பார்த்த கோணம். வண்டியின் ஓசையைக் கொண்டே நேரம் கணித்த ஒரு சமூகத்துக்கு, அவ்வண்டியைத் தன் வாசலிலிருந்து காட்டும் படம் ஒன்று எவ்வாறிருக்கும் என்பதை எடுத்துக் காட்டக்கூடியவர்கள் அவர்களே. அத்தகைய படங்கள் தோன்றும்போதுதான், மலையகப் புகையிரதப் படக்கலை தன் துல்லியத்துக்கு முழுமையாக நேர்மை செய்ததாகும்.