காமிக்ஸ் கடல் கடக்கும்போது

1938 ஜூன் மாத இதழாக வந்த ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழின் விலை 10 சென்ட். சூப்பர்மேன் அறிமுகமான அந்த இதழின் ஒரு பிரதி 2024 ஏப்ரலில் அமெரிக்க ஏலமொன்றில் 60 லட்சம் டாலருக்குப் போனது. காமிக்ஸ் சேகரிப்பைப் பற்றி வெளியுலகம் கேள்விப்படுவது பெரும்பாலும் இதுபோன்ற செய்திகளைத்தான். ஆனால் இந்த வணிகத்தின் அன்றாடம் வேறு. லண்டனிலோ சிட்னியிலோ சென்னையிலோ இருப்பவர், அமெரிக்காவில் யாரோ விற்கும் இருபது டாலர் இதழுக்குப் பணம் கட்டுகிறார். அதைவிடக் கூடுதலாக அஞ்சல் செலவும் கட்டிவிட்டு, பொட்டலம் நசுங்காமல் வந்துசேர வேண்டுமே என்று காத்திருக்கிறார். இந்தப் பழக்கம் பழைய இதழ்களைக் காப்பாற்றியிருக்கிறது, அதில் ஐயமில்லை. வாசகர்களை உருவாக்கியதா என்று கேட்டால், ஒருகாலத்தில் உருவாக்கியது, இன்று அந்த வேலையை மெல்லக் கைவிட்டு வருகிறது என்றே சொல்ல வேண்டும்.

பிரிட்டனின் கதையிலிருந்து தொடங்கினால் இது விளங்கும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்க காமிக்ஸ் இறக்குமதி அங்கே நின்றுபோனது. போர் முடிந்த பிறகும் டாலர் தட்டுப்பாடு தொடர்ந்ததால், உள்ளூர்ப் பதிப்பாளர்கள் கறுப்பு வெள்ளையில் போட்ட மறுபதிப்புகளே பிள்ளைகளுக்குக் கிடைத்தன. 1959-ன் இறுதியில் இறக்குமதி மீண்டும் தொடங்கியது. லெஸ்டர் நகரைச் சேர்ந்த ‘தார்ப் அண்ட் போர்ட்டர்’ நிறுவனம் கட்டுக்கட்டாக வரவழைத்து, அட்டையில் பென்ஸ் விலையை முத்திரையாகக் குத்திக் கடைகளுக்கு அனுப்பியது. சில பதிப்பகங்கள் பிரிட்டனுக்கென்றே பென்ஸ் விலை அச்சிட்ட பிரதிகளையும் வெளியிட்டன.

அந்த விநியோகத்துக்கு ஒழுங்கு இருந்ததில்லை. ஒரு தொடரின் 12-ஆம் இதழ் கிடைக்கும், 13 வராது, 14 இரண்டு மாதம் கழித்து வரும். ஆனால் விலை சிறுவர்களின் கைச்செலவுக்கு எட்டியது. நார்தாம்ப்டனில் வளர்ந்த ஆலன் மூர் போன்றவர்கள் அறுபதுகளில் அமெரிக்க காமிக்ஸுக்குப் பழகியது இப்படித்தான். அவரும் ஓவியர் டேவ் கிப்பன்ஸும் சேர்ந்து உருவாக்கிய ‘வாட்ச்மென்’ 1986-ல் அமெரிக்கப் பதிப்பகம் ஒன்றின் வழியே வந்தபோது, கடல் கடந்து போன சரக்குக்குக் கடல் கடந்தே பதில் வந்தது. பிரிட்டனின் சொந்த காமிக்ஸ் மரபும் அவர்களைப் பயிற்றுவித்தது என்பதை மறக்க வேண்டியதில்லை. ஆனாலும் மலிவாக, மொத்தமாக, அடிபட்டாலும் பரவாயில்லை என்று வந்த அந்தக் கட்டுகள் இல்லாமல் அந்தத் தலைமுறையை எண்ணிப் பார்ப்பது கடினம்.

தனி இதழ்களை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் பழக்கம் வளர ஒரு காரணம் மேற்சொன்ன ஒழுங்கின்மையே. கடைக்கு வராத இதழ்களைத் தேடியவர்கள் அஞ்சல்வழி விற்பனையாளர்களை நாடினார்கள். பின்னர் லண்டன் டென்மார்க் தெருவில் 1978-ல் திறந்த ‘ஃபர்பிடன் பிளானட்’ போன்ற சிறப்புக் கடைகள் அந்தத் தேவையை நிறைவு செய்தன. இந்தப் பழக்கத்தின் முதல் பலம் இது: விநியோகம் விட்ட இடைவெளியை வாசகரே நிரப்பிக்கொள்ள வழி தந்தது.

இரண்டாவது பலம், பிறந்த ஊரில் மதிப்பிழந்த இதழுக்கு வேறொரு நாட்டில் மதிப்பு கிடைத்தது. லீ ஃபாக் 1936-ல் படைத்த காமிக்ஸ் நாயகன் வேதாளன் அமெரிக்காவைவிட ஆஸ்திரேலியாவிலும் ஸ்வீடனிலும் இந்தியாவிலும்தான் அதிகம் கொண்டாடப்பட்டவர். ஆஸ்திரேலியாவில் ஃப்ரூ பதிப்பகம் 1948 முதல் அவர் கதைகளை வெளியிடுகிறது. இந்தியாவில் 1964 மார்ச்சில் தொடங்கி 1990 வரை வந்த ‘இந்திரஜால் காமிக்ஸ்’, இந்த நாடுகளில் உள்ள வேதாளன் ரசிகர்கள் தேடும் பொருளாயிற்று. இங்கே பழைய பேப்பர் கடைக்குக் கிலோ கணக்கில் போயிருக்க வேண்டிய இதழ்கள், எங்கோ ஒருவர் அவற்றுக்கு விலை தருவார் என்பதாலேயே பிழைத்தன. வெளிநாட்டுத் தேவை என்பது சில சமயம் உள்ளூர் மறதிக்கு மருந்து.

ஆனால் தூரம் ஒரு சிக்கலைக் கொண்டுவருகிறது. கடையில் நிற்பவர் பக்கத்தைப் புரட்டிப் பார்த்து வாங்கலாம். அஞ்சலில் வாங்குபவர் விற்பவரின் சொல்லை நம்ப வேண்டும். ‘நல்ல நிலையில் உள்ளது’ என்பதற்கு ஆளுக்கொரு பொருள். முதுகில் மடிப்பு இருக்கிறதா, பின் துருப்பிடித்ததா, யாராவது பசை போட்டு ஒட்டி வண்ணம் தீட்டினார்களா என்பவை புகைப்படத்தில் எளிதில் தெரிவதில்லை. 2000-ல் அமெரிக்காவில் தொடங்கிய சி.ஜி.சி. நிறுவனம் இதற்குத் தந்த தீர்வு தரமதிப்பீடு. இதழை அனுப்பினால், அவர்கள் பக்கம் பக்கமாகப் பார்த்து 0.5 முதல் 10 வரை ஒரு மதிப்பெண் தருவார்கள். பிறகு கடினமான பிளாஸ்டிக் கூட்டுக்குள் வைத்து மூடிவிடுவார்கள். பழுதுபார்த்த இதழ்களுக்கு வேறு நிறச் சீட்டு. சீட்டில் உள்ள எண்ணை இணையத்தில் தேடிச் சரிபார்க்கலாம். முன்பின் அறியாத இருவர், வெவ்வேறு கண்டங்களில் இருந்துகொண்டு, ஆயிரக்கணக்கான டாலருக்கு ஒரு பொருளைக் கைமாற்ற இது வழிசெய்தது. இதைச் சிறிய சாதனை என்று ஒதுக்க முடியாது.

அதற்கான விலை என்ன? முதலாவது, கூட்டுக்குள் போன இதழை வாசிக்க முடியாது. கூட்டை உடைத்தால் மதிப்பெண் போயிற்று. இரண்டாவது, மதிப்பெண் சிறு வேறுபாட்டையும் பெரும் பணமாக்குகிறது. அண்மைக்கால இதழ்களில் 9.6-க்கும் 9.8-க்கும் இடையே கண்ணுக்குத் தெரியாத வேறுபாடுதான். விலையோ மடங்கு கணக்கில் தாவும். மூன்றாவது, கூடும் குற்றமற்றதல்ல. பயணத்தில் மூலை விரிசல் விடும். உள்ளே இதழ் ஆடி ஓரம் மழுங்கும். மோசடியிலிருந்தும் அது முழுக் காப்பு இல்லை: அசல் கூடுகளில் வேறு பிரதிகளை மாற்றி வைத்து விற்ற விவகாரம் வெடித்தபோது, 2024 தொடக்கத்தில் ஐயத்துக்குரிய நூற்றுக்கணக்கான இதழ்களின் பட்டியலை அந்த நிறுவனமே வெளியிட நேர்ந்தது. நம்பிக்கையை மனிதர்களிடமிருந்து சீட்டுக்கு மாற்றினால், ஏமாற்றுபவரும் சீட்டையே குறிவைப்பார்.

கூட்டைவிட ஆழமான குறை அஞ்சல் கட்டணத்தில் இருக்கிறது. ஒரு பேச்சுக்கு, ஓர் இதழை அனுப்ப 40 டாலர் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 10 டாலர் இதழ் வாங்குபவருக்கு 50 ஆகிவிடும். 1,000 டாலர் இதழ் 1,040-தான். புறப்படும் ஊரில் நூறு மடங்கு விலை வேறுபாடு, சேரும் ஊரில் இருபத்தொரு மடங்குக்கும் கீழே சுருங்குகிறது. ஆக, தூரத்தில் இருப்பவர் விலை உயர்ந்ததையே வாங்கத் தூண்டப்படுகிறார். ஆர்மன் ஆல்ச்சியன், வில்லியம் ஆலன் என்ற பொருளியலாளர்கள் 1964-ல் விளக்கிய விதி இதுவே. நல்ல மாம்பழம் கப்பலேறுவதும் அடிபட்டது உள்ளூர்ச் சந்தையில் தங்குவதும் இதே கணக்கில்தான். காமிக்ஸில் இதன் விளைவு: வாசித்துக் கசங்கிய, மலிவான பிரதிகள் கடல் கடப்பதில்லை, கூட்டிலடைத்த பிரதிகளே பறக்கின்றன.

இந்தக் கணக்கை மாற்றிய ஒரு வழி முன்பு இருந்தது. அச்சுப் பொருட்களை ஒரே முகவரிக்கு மூட்டையாக அனுப்ப அஞ்சல் துறைகள் சலுகைக் கட்டணம் வைத்திருந்தன. கப்பலில் மெதுவாகப் போகும், ஆனால் ஒரு புத்தகத்துக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. அமெரிக்க அஞ்சல் துறை தன் கடல்வழிச் சேவையை 2007 மே மாதம் நிறுத்தியது. மூட்டைச் சேவை விமானத்தில் தொடர்ந்தாலும் மலிவு என்ற அதன் உயிர்நாடி அறுந்தது. காமிக்ஸ் உலகம் இதைப் பெரிதாகப் பேசவில்லை. என் பார்வையில் தரமதிப்பீட்டின் வருகைக்கு இணையான திருப்பம் அது.

சுங்கம் இன்னொரு சுமை. ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலையில் 22 யூரோ வரையிலான இறக்குமதிக்கு இருந்த மதிப்புக்கூட்டு வரிவிலக்கை நீக்கியது. இந்தியா 2019 நிதிநிலை அறிக்கையில் இறக்குமதி நூல்களுக்கு 5 விழுக்காடு சுங்கம் விதித்தது. அமெரிக்கா 2025 ஆகஸ்ட் இறுதியில் 800 டாலர் வரையிலான பொட்டலங்களுக்கு இருந்த சலுகையை நிறுத்தியபோது, நூல்கள் புதிய தீர்வைகளுக்கு வெளியே இருந்தும், இந்திய அஞ்சல் துறை உட்படப் பல நாட்டு அஞ்சல் துறைகள் அங்கே பார்சல் அனுப்புவதையே சில காலம் நிறுத்திவைத்தன. வரி இல்லாத பொருளும் வழி இல்லாமல் நின்றது.

இந்த நெருக்கடியில் ஒரு கெட்ட வழக்கமும் வேரூன்றியிருக்கிறது: பொட்டலத்தின் மேல் ‘அன்பளிப்பு’ என்று எழுதுவது, 300 டாலர் இதழை 20 டாலர் என்று அறிவிப்பது. வாங்குபவரே இதைக் கேட்பதும் உண்டு. இது சட்டமீறல் என்பது ஒருபுறம். பொட்டலம் தொலைந்தால் அறிவித்த தொகைக்கு மேல் இழப்பீடு கேட்க முடியாது என்பதால், மிச்சம் பிடித்தவரே முழு இழப்பையும் சுமக்கிறார்.

இதற்கெல்லாம் ஒரு மறுப்பு உண்டு. வாசிக்க விரும்புபவருக்குத் தொகுப்பு நூல்களும் மின்பதிப்புகளும் இருக்கின்றன. பழைய பிரதி சேகரிப்பவருக்கே உரியது, அதைக் கூட்டில் வைத்தால் என்ன? பாதி நியாயம். கதை மட்டும் வேண்டுமென்றால் மறுபதிப்பு போதும். சிவகாசியில் 1972-ல் ‘இரும்புக்கை மாயாவி’யுடன் தொடங்கிய முத்து காமிக்ஸ், பிரிட்டனின் ‘வேலியண்ட்’ இதழில் 1962-ல் பிறந்த நாயகனைத் தமிழாக்கியது. கடல் கடந்தது பதிப்புரிமை. பிரதிகள் இங்கேயே அச்சாயின. விமானக் கட்டணம் எதுவுமின்றித் தமிழ்ச் சிறுவர்கள் மாயாவியைப் பெற்றார்கள். வாசகரைப் பெருக்க இதைவிடச் சிறந்த வழி இல்லை.

ஆனால் மூல இதழில் கதையைத் தாண்டியும் சரக்கு உண்டு. வாசகர் கடிதங்கள், பொம்மை விளம்பரங்கள், சந்தா அறிவிப்புகள், மலிவுத் தாளில் புள்ளிப்புள்ளியாய்ப் பதிந்த வண்ணம் ஆகியவற்றைத் தொகுப்பு நூல்கள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. மூல இதழைத் தேடக் காரணமான இந்தப் பக்கங்களைத்தான் கூடு மூடிவிடுகிறது. காப்பாற்றுவதாகச் சொல்லும் ஏற்பாடு, எதற்காகக் காப்பாற்ற வேண்டுமோ அதை எட்டாமல் வைக்கிறது.

ஆகவே இந்தப் பழக்கத்தைக் கைவிடச் சொல்வது தீர்வாகாது. எதை எப்படி வரவழைப்பது என்பதில் அளவறிய வேண்டும். போலிக்கும் மறைத்த பழுதுக்கும் வாய்ப்புள்ள, பெருவிலை இதழுக்குத் தரமதிப்பீடு தேவைதான். மற்றவற்றுக்கு விற்பவர் உட்பக்கங்களின் படங்களைக் காட்டினால் போதும். தனித்தனியாக வரவழைப்பதைவிட, பலரிடம் வாங்கியதை ஒரே இடத்தில் திரட்டி ஒரே பார்சலாக, உண்மை மதிப்பை அறிவித்து அனுப்பச் சொல்வது செலவிலும் நேர்மையிலும் மேல். நூல்களுக்கான மெதுவான, மலிவான அஞ்சல் வழியை மீட்கச் சேகரிப்போர் குரல் கொடுத்தால், அது எந்த ஏலச் சாதனையையும்விட இந்தக் கலைக்குப் பயன்படும். ஏலத் தொகை ஒரு பிரதியின் உரிமையாளரை மாற்றும், அவ்வளவே. மலிவான கட்டு எத்தனை வாசகரைச் சேர்க்கும், அவர்களில் யார் நாளை எழுதுவார், வரைவார் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. பிரிட்டன் அதற்கு நிரூபணம்.