வீட்டு உறையுணவு: ஒரு மதிப்பீடு

வாரத்துக்கு வேண்டிய குழம்பையும் கூட்டையும் ஒரே நாளில் சமைத்து, வேளைக்கு ஒரு டப்பாவாகப் பிரித்து ஃப்ரீசரில் உறைய வைத்து, தேவைப்படும்போது சூடாக்கி உண்ணும் வழக்கம் அமெரிக்கக் குடும்பங்களில் வேரூன்றியது. அங்கு வாழும் தமிழர் வீடுகளிலும், கணவனும் மனைவியும் வேலைக்குச் செல்லும் நம் நகரத்து வீடுகளிலும் இன்று அதைக் காண முடிகிறது. கடையில் விற்கும் உறையுணவைவிட இது உடலுக்கு நல்லது என்பதே ஆதரிப்போரின் முதன்மையான வாதம். அந்த வாதம் பெரும்பாலும் சரியானதே. ஆனால் எதனால் சரி என்பதைப் பிரித்துப் பார்க்காமல் ஏற்றுக்கொண்டால், இவ்வழக்கத்தின் உண்மையான வலிமையும் தெரியாது, ஆபத்தும் தெரியாது.

குளிரில் வைத்துக் காப்பதில் குற்றம் எதுவும் இல்லை. கனடாவின் லாப்ரடார் பகுதியில் இன்யூட் மக்கள் பிடித்த மீன், கடுங்குளிரில் நொடிப்பொழுதில் உறைந்து, பின்னர் உருகியபோதும் புதுமீனின் சுவையோடு இருந்ததைக் கவனித்த கிளாரன்ஸ் பேர்ட்சை, 1920-களில் உணவுப் பொட்டலங்களைக் குளிர்ந்த உலோகத் தகடுகளுக்கிடையே அழுத்தி விரைந்து உறைய வைக்கும் இயந்திரத்தை உருவாக்கினார்; 1930-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் அவருடைய உறையுணவுகள் கடைக்கு வந்தன. 1950-களில் ஸ்வான்சன் நிறுவனம் ஒரு வேளைச் சாப்பாட்டையே அலுமினியத் தட்டில் உறைய வைத்து விற்றது. நம் சமையலறைக்கும் உடனடி உணவு புதிதன்று: வற்றல், ஊறுகாய், தொக்கு, புளிக்காய்ச்சல் யாவும் அவசர வேளைக்காகச் செய்து வைத்தவையே. ஆனால் அவை கெடாதிருப்பது உப்பாலும் எண்ணெயாலும் புளிப்பாலும் வெயிலாலும். ஃப்ரீசரின் −18 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையிலோ, நீர் பனிக்கட்டியாகிவிடுவதால் நுண்ணுயிர்கள் பெருக வழியில்லை. காப்பதற்கென்று ஒரு சிட்டிகை உப்பும் தேவைப்படுவதில்லை. ஆகவே ஆலையில் செய்த உறையுணவில் மிகுந்திருக்கும் உப்பு பெரும்பாலும் சுவைக்காகச் சேர்ந்தது. நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு உண்ண வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்தும் நிலையில், இரத்த அழுத்தம் உள்ள ஒருவர் தமக்கேற்ற உப்பில் செய்த குழம்பை மாதக்கணக்கில் வைத்திருக்க முடிவது, ஊறுகாயும் தொக்கும் தர இயலாத வசதி. வீட்டு உறையுணவின் முதல் வலிமை இதுதான்.

இரண்டாவது, உட்பொருள்களைப் பற்றியது. பயிர்களிலிருந்து பிரித்தெடுத்த மாவுச்சத்து, புரதம், எண்ணெய் ஆகியவற்றோடு மணமூட்டிகளையும் நிறமிகளையும் கூட்டி ஆலையில் உருவாக்கும் பண்டங்களை, பிரேசிலின் கார்லோஸ் மொன்டேரோ குழுவினர் ‘மீப்பதப்படுத்திய உணவு’ என வகைப்படுத்தினர். 2019-இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களைச் சேர்ந்த கெவின் ஹால் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், 20 பேருக்கு இவ்வகை உணவு இரு வாரமும் எளிய சமையல் இரு வாரமும் தரப்பட்டன; பரிமாறிய கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார், உப்பு ஆகியவை இரண்டிலும் ஒத்திருந்தும், மீப்பதப்படுத்திய உணவின்போது அவர்கள் நாளுக்கு ஏறத்தாழ 500 கலோரி கூடுதலாக உண்டனர். சிறிய ஆய்வு, வீட்டு உறையுணவை அது நேரடியாகச் சோதிக்கவும் இல்லை. எனினும் ஒன்று தெளிவாகிறது: மொன்டேரோவின் வகைப்பாட்டில் உறைய வைத்த வெறும் பட்டாணி மீப்பதப்படுத்திய உணவாவதில்லை, உணவைத் தரம் பிரிப்பது அதன் செய்முறையே, குளிர் அன்று.

ஆனால் ஒரு வகையில் ஆலை வீட்டை வெல்கிறது. அங்கே உணவு விரைந்து உறைவதால் பனிப்படிகங்கள் நுண்ணியவையாக அமைகின்றன. வீட்டு ஃப்ரீசரில் மெல்ல உறையும்போது அவை பெரிதாக வளர்ந்து காய்களின் செல்சுவர்களைக் கிழிப்பதால், உருகியதும் பூசணியும் சுரைக்காயும் நீர்விட்டுக் குழைகின்றன, உருளைக்கிழங்கு மணல்போல் உதிர்கிறது. அவித்த முட்டையின் வெள்ளைக்கருவும் உறைந்து மீண்டால் ரப்பராகிறது, மோர்க்குழம்பும் தேங்காய்ப்பால் குழம்பும் திரிகின்றன. ஆலைகள் இதைச் சமாளிக்கவே மாற்றிய மாவுச்சத்தையும் நிலைநிறுத்திகளையும் சேர்க்கின்றன. அச்சேர்ப்புகளை வேண்டாமென்னும் வீடு, எதை உறைய வைப்பது என்னும் தெரிவினால்தான் அக்குறையை ஈடுசெய்ய முடியும். வேக வைத்த கொண்டைக்கடலை, வெங்காயமும் தக்காளியும் வதக்கிய மசாலா, கோழிக்குழம்பு, காய் சேர்க்காத சாம்பார், இட்லி ஆகியவை உறைந்து மீள்வதில் பெரிதும் கெடுவதில்லை. முழுச் சாப்பாட்டை உறைய வைப்பதைவிட அதன் உறுதியான பகுதிகளை மட்டும் உறைய வைத்து, காயை அன்றன்று சேர்ப்பதே தமிழ்ச் சமையலுக்குப் பொருந்தும்.

பெரிய ஆபத்து ஃப்ரீசருக்குள் இல்லை. அடுப்பை அணைப்பதற்கும் ஃப்ரீசர் கதவைத் திறப்பதற்கும் இடையில் இருக்கிறது. குளிர் நுண்ணுயிரைத் தூங்க வைக்குமே தவிர முற்றிலும் கொல்லாது. சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்னும் நுண்ணுயிரின் வித்துகள் கொதியிலும் பிழைத்திருந்து, சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும் நேரத்தில் முளைத்துப் பெருகுகின்றன. அவற்றுள் சில வகைகள் சுரக்கும் வாந்தி நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழிவதில்லை. சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்குள் குளிரூட்ட வேண்டும், சுற்றுப்புற வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரத்துக்குள் என்பது அமெரிக்க வேளாண் துறையின் அறிவுரை. நம் ஊர்ச் சமையலறைகள் ஆண்டின் பெரும்பகுதி அந்த இரண்டாம் வரம்பில்தான் இருக்கின்றன. ஆழமான அண்டாவில் குழம்பை ஆற விடுவது இங்கே பெருந்தவறு; தட்டையான பாத்திரங்களில் பகிர்ந்து, பனிக்கட்டி போட்ட நீரில் வைத்து ஆற்ற வேண்டும், உண்ணும்போது நடுப்பகுதியும் ஆவி பறக்கும்வரை சூடாக்க வேண்டும். முதல் நாள் சமைத்த கறியை விலக்கச் சொல்லும் சித்தர் தேரையரின் ‘பிணி அணுகா விதி’யைக் காட்டி இவ்வழக்கத்தையே மறுப்போர் உண்டு. அவ்விதி ஃப்ரீசர் இல்லாத வெப்ப நாட்டின் அனுபவ அறிவு. உறைந்த குழம்புக்கு அதை அப்படியே நீட்டுவது பொருந்தாது என்றாலும், ஆறிக்கொண்டிருக்கும் குழம்புக்கு அது இன்றும் முழுமையாகப் பொருந்தும்.

கருவியின் வரம்பும் உண்டு: ஒற்றைக் கதவுக் குளிர்ப்பெட்டிகளின் மேலறை பலவற்றில் −18 டிகிரி எட்டுவதே இல்லை, மின்வெட்டு மிகுந்த ஊரில் மாதக்கணக்கில் சேமிப்பதும் அறிவுடைமை அன்று.

இவ்வழக்கத்தைப் புகழ்வோர் தொடத் தயங்குவது உழைப்பின் கணக்கு. இந்தியாவின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் நாளுக்கு 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் அதற்குச் செலவிட்டனர். ஞாயிறு முழுதும் அடுப்படியில் நின்று ஆறு நாளுக்குச் சமைப்பவர் பெண்ணாகவே இருந்தால், வாரநாளின் சுமை அவருடைய ஒரே ஓய்வுநாளுக்கு இடம் மாறியதைத் தவிர வேறொன்றும் நிகழவில்லை. அதை நேரச் சேமிப்பு என்பது அவருக்குச் செய்யும் அநீதி. சமைக்கும் நாளில் இரட்டிப்பாக வைத்துப் பாதியை உறைய வைக்கும் முறையே மேலானது: அரிவதும் அரைப்பதும் சற்றே கூடும், பாத்திரம் கழுவுவது ஒரு முறைதான், ஞாயிறும் பறிபோவதில்லை. டப்பாவின்மேல் பெயரும் தேதியும் எழுதி ஒட்டியிருந்தால், சமைக்கத் தெரியாத கணவரோ பள்ளியிலிருந்து திரும்பும் வளர்ந்த பிள்ளையோ அதை எடுத்துச் சூடாக்கி எல்லோருக்கும் பரிமாறலாம்.