கள்ளுண்ணாமை: அச்சமா, அறிவா?

அண்மையில் லால்குடி சென்றிருந்தோம். கூட்டம் முடிந்து தொடர்வண்டிக்குக் காத்திருந்த வேளையில் மாணவர் சிலர் நம்மைச் சூழ்ந்துகொண்டனர். அவருள் ஒருவர், பதினெட்டு அகவை இருக்கும், கேட்டார்: “பாவமும் இல்லை, நரகமும் இல்லை என்கிறோம். பின் ஏன் குடிக்கக் கூடாது? சங்கத் தமிழர் குடித்தனரே! அதியமானோடு அமர்ந்து ஔவையார் குடித்தாரே!”

சீறி அடக்கத்தக்க கேள்வியன்று இது. விடை கூறுவது நம் கடன்.

அதியமானை இழந்து ஔவையார் பாடிய பாட்டு, புறநானூற்றின் 235-ஆம் பாட்டு. அதில் கள் உண்டு, மறைப்பானேன்? ஆனால் அப்பாட்டு போற்றுவது கள்ளையா? சிறிது கிடைத்தால் பிறர்க்கே தந்து, மிகுதியாகக் கிடைத்தால் உடனிருந்து பகிர்ந்துண்ட கொடையுள்ளத்தையன்றோ போற்றுகிறது! சோற்றையும் அவ்வாறே பகிர்ந்தான் என்கிறது. கொடையைக் கைவிட்டுக் கள்ளை மட்டும் கைக்கொள்வது இலக்கியப் பற்று ஆகாது.

மேலும், “முன்னோர் செய்தனர், ஆகவே நாமும் செய்வோம்” என்பது யாருடைய வாதம்? சாதியைக் காக்க வந்தோர் வாதம் அது. குழந்தை மணத்துக்கும் விதவைக் கொடுமைக்கும் அரண் கட்டியோர் வாதம் அது. அங்கே மறுத்துவிட்டு மதுக்கோப்பையின் முன் மட்டும் அதை ஏற்பதா? சங்கப்பாட்டு அக்கால வாழ்வின் பதிவு, நமக்கிடப்பட்ட கட்டளையன்று.

அப்படியாயின் குடிப்பதை மறுக்க மதவாதியின் நரகம்தான் துணையோ? அங்கேதான் வள்ளுவர் நமக்கு வழிகாட்டுகிறார். குறளின் 93-ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமை. அது அறத்துப்பாலில் இல்லை. பொருட்பாலில், சூதுக்கு முன்னே நிற்கிறது. பத்துக் குறளிலும் ‘நரகம்’ என்ற அச்சுறுத்தல் ஓரிடத்தும் இல்லை. பெற்ற தாயின் முகத்தைக் காட்டுகிறார். எதையும் பொறுப்பவளே முகம் சுளித்தால் சான்றோர் என் செய்வர் என்கிறார். மறைத்துக் குடிப்பவனை அறிந்து ஊர் நகைப்பதைக் காட்டுகிறார். பொருளைக் கொடுத்து மெய்மறதியை வாங்கும் வணிகத்தின் பேதைமையைக் காட்டுகிறார். நெல்வயலிலும் வாழைத் தோட்டத்திலும் பகலெல்லாம் உழைத்துப் பெற்ற கூலியை அந்தியில் கடையில் கொட்டுவோரைக் கண்டவர்க்கு இதற்கு உரை வேண்டுவதில்லை.

இவற்றினும் கூரியது ஒன்று. போதையில் ஆழ்ந்தவனிடம் காரணம் கூறித் தெளிவிக்க முயல்வது, நீருள் மூழ்கியவனை விளக்கெடுத்துத் தேடுவது போன்றதாம். இதன் பொருள் என்ன? அறிவின் விளக்கு எரிவது முதற்கோப்பைக்கு முன்புதான்! குடிப்பதா வேண்டாவா என்ற முடிவைக் குடித்தபின் எடுக்க இயலாது.

இன்றைய அறிவியலும் இதையே வேறு சொற்களில் கூறுகிறது. விளைவை எடைபோட்டு முடிவெடுக்கும் மூளைப்பகுதி, இருபத்தைந்து அகவையளவில்தான் முழு வளர்ச்சி அடைகிறது. மது முதலில் தளர்த்துவதும் அந்த எடைபோடும் ஆற்றலைத்தான். 1997-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், பதினைந்து அகவைக்கு முன் குடிக்கத் தொடங்கியோருள் நூற்றுக்கு ஏறத்தாழ 40 பேர் பின்னாளில் மதுவுக்கு அடிமைப்பட்டிருந்தனர். இருபதுக்குப் பின் தொடங்கியோருள் ஏறத்தாழ 10 பேரே. தொடக்க அகவை ஒன்றே காரணமென அது மெய்ப்பித்துவிடவில்லை; எனினும் எச்சரிக்கைக்கு இது போதாதா? மது புற்றுநோய் விளைவிப்பது என 1988-இலேயே பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வகைப்படுத்தியது. கேடற்ற அளவு என்று மதுவில் எதுவும் இல்லை என்று 2023-இல் உலக நலவாழ்வு நிறுவனம் கூறிற்று.

வள்ளுவரே ஆயினும் நாம் ஆராயாமல் ஏற்போம் அல்லோம். கள்ளுண்பார் எந்நாளும் நஞ்சுண்பாரே என்று அவர் தள்ளிவிடுகிறார். குடிக்கு அடிமையாதல் மருத்துவம் செய்யத்தக்க நோய் என்பதை இன்று அறிவோம். விழுந்தவனை இகழ்வது பகுத்தறிவன்று. மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே பகுத்தறிவு. ஊர் நகைப்பு விழாதவனைக் காக்கலாம். விழுந்தவனை அது மேலும் ஒளியவே செய்யும்.

“சட்டம் இருக்கிறதே!” என்பர் சிலர். 1937-இல் சேலம் மாவட்டத்தில் வந்த மதுவிலக்கு, 1948-இல் சென்னை மாகாணம் முழுமையும் பரவிற்று, 1971-இல் தளர்த்தப்பட்டது, மீண்டும் வந்தது, மீண்டும் போயிற்று. 2003 முதல் அரசு நிறுவனமே சில்லறைக் கடை நடத்துகிறது. இருபத்தொன்று நிரம்பாதோர்க்கு விற்கலாகாது என விதி உண்டு. ஆனால் திருமண வீட்டுப் பின்கட்டில் நண்பன் நீட்டும் கோப்பையை எந்த விதி தடுக்கும்? 1921-இல் கள்ளுக்கடை மறியல் எழுந்தபோது பெரியார் தம் தோப்பின் தென்னைகளை வெட்டி வீழ்த்தினார். நாகம்மையாரும் கண்ணம்மாளும் ஈரோட்டில் மறியலில் நின்றனர். அதே பெரியார் பின்னாளில் சட்டத்தின் வழி மதுவிலக்கை எதிர்த்தார். அவ்விரு நிலைகளையும் வைத்து வழக்காடுவோர் வழக்காடட்டும். சட்டம் வந்தாலும் போனாலும் மாறாத ஒன்றுண்டு. அது தனக்குத்தானே எடுத்த முடிவு.

இம்முடிவுக்குச் சூளுரையும் சடங்கும் வேண்டா. கோப்பை நீட்டப்படும் முன்பே, தெளிந்த வேளையில், மனத்துள் ஒரு சொல்லை அணியப்படுத்திக்கொண்டால் போதும்: “வேண்டாம்.” காரணம் கேட்டால் கூறலாம், கூறாமலும் இருக்கலாம். “ஆண்மகன்தானா நீ?” என்று ஏளனம் செய்வான் ஒருவன். பிறர் நகைப்புக்கு அஞ்சிக் குடிப்பதா ஆண்மை? பிறர் நகைப்பைத் தாங்கி மறுப்பதன்றோ தன்மானம்!

அம்மாணவர்க்கு இத்தனையும் கூறி முடிப்பதற்குள் வண்டி வந்துவிட்டது. லால்குடியைக் கடந்து அப்பாதை கல்லக்குடிக்குச் செல்கிறது. 1953 சூலை 15 அன்று, ‘டால்மியாபுரம்’ என்ற பெயரை நீக்கக் கோரிக் கலைஞர் கருணாநிதியும் தோழர்களும் தண்டவாளத்தில் தலைவைத்துப் படுத்தது அங்கேதான். வருவது இன்னதென்று அறிந்தே எடுத்த முடிவு அது. அத்தகைய துணிவை எந்தப் புட்டியும் தாராது. தோழர்களே, நம் இயக்கம் இளைஞரிடம் கேட்பது பணத்தையன்று, தெளிந்த தலையை. அதை அடகுவைத்துவிட்டால் எஞ்சுவது என்ன?