ஓடு வேய்ந்த உப்பு

வீட்டுக் கூரைக்குப் போடுகிற சுட்ட ஓட்டை உப்புக்கும் வேய்கிறார்கள் திராப்பனியில். சிசிலித் தீவின் மேற்கு முனையில் இருக்கும் மாகாணம் அது. கோடையில் வாரிய உப்பைக் கரையோரம் நீளக் குவித்து, மழைக்கு முன் அதன்மேல் ஓட்டை வரிசையாக அடுக்கிவிடுவார்கள். மழை வழிந்தோடும், குவியல் கரையாது. கிடைத்ததைக் கெடவிடாமல் காப்பதில் இத்தனை அக்கறையுள்ள கரையை நான் வேறெங்கும் அறிந்ததில்லை.

திராப்பனி நகருக்கும் மர்சாலாவுக்கும் இடையே உப்பளங்கள். கடல்நீர் முதலில் பெரிய பாத்தியில் நிற்கும். பிறகு ஆழம் குறைந்த சிறு பாத்திகளுக்கு ஒவ்வொன்றாக இறங்கும். வெயில் நீரைக் குடிக்கக் குடிக்க நிறம் மாறி, முடிவில் ரோஜாச் சிவப்பாகும். கடும் உப்பிலும் பிழைத்திருக்கும் நுண்ணுயிர்கள் தரும் நிறம் அது. பாத்தியோரக் காற்றாலைகள் அந்நாளில் திருகு உருளையைச் சுழற்றி நீர் இறைத்தன, உப்பும் அரைத்தன. இறைக்க, அரைக்க இரண்டுக்கும் ஒரே வேலையாள், அதுவும் கூலி கேட்காதவன்: காற்று.

உப்பு இருந்ததால் மீன் நிலைத்தது. எதிரே ஃபவிஞ்ஞானா தீவில், சூரை மீன் வரும் வழியில் வலைகளை அறை அறையாகக் கட்டிப் பிடித்தார்கள். கடைசி அறைக்குச் சாவறை என்றே பெயர். வேட்டையின் தலைவர் 'ராயிஸ்'. 827இல் மசாராவில் இறங்கிய அரபுப் படையின் ஆட்சி போய்விட்டது, அரபுப் பட்டம் மட்டும் மீனவரிடம் தங்கிவிட்டது. மீன் குழம்பு ஊற்றிய கூஸ்கூஸும் அப்படியே. 1874இல் தீவை வாங்கிய ஃப்ளோரியோ குடும்பம் சூரையை எண்ணெயில் இட்டுத் தகர டப்பாவில் அடைத்து விற்றது. அந்த ஆலை இப்போது அருங்காட்சியகம்.

மர்சாலா மதுவின் கதையும் கெடாமல் காக்கும் இதே கவலையில் பிறந்ததுதான். 1773இல் ஜான் உட்ஹவுஸ் என்ற ஆங்கில வணிகர் இவ்வூர் மதுவை இங்கிலாந்துக்கு அனுப்பினார். கடல்வழியில் கெடாதிருக்கச் சாராயம் சேர்த்தார். வியாபாரி நினைத்தது பயணத்தை. ருசி பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. இதே மாகாணத்துப் பாந்தெல்லேரியா தீவோ, சிசிலியைவிடத் துனீசியாவுக்கு அருகில் இருக்கிறது. பெருங்காற்றுக்கு அஞ்சித் திராட்சையைச் சிறு குழிகளில் குட்டையாக வளர்க்கும் அதன் முறையை 2014இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தது. கேப்பர் மொட்டை அங்கே பறித்து உப்பில்தான் போட்டு வைக்கிறார்கள்.

உப்பளங்களுக்கு நடுவே ஆழமற்ற கடற்கழியில் மோத்சியா என்ற குட்டித் தீவு. கி.மு. 397இல் சிரக்கூசா படை அழித்த ஃபினீசிய நகரம் அங்கே இருந்தது. 1979இல் அந்த மண் ஒரு பளிங்கு இளைஞனைத் திருப்பிக் கொடுத்தது. அவன் அங்கி மெல்லிய மடிப்பு மடிப்பாக இறங்குகிறது. துணிக்குள் தொடையின் திரட்சி தெரிகிறது. கைகள் உடைந்து போயின. ஆனால் இடுப்பில் ஊன்றிய கையின் விரல்கள் மட்டும் அங்கேயே ஒட்டியிருக்கின்றன, சதை சற்றே அழுந்த. கல்லில் அந்த அழுத்தத்தைக் காட்டிய சிற்பியின் பெயர் தெரியாது. சிலை யாருடையது என்பதிலும் அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை: தேரோட்டி என்பார் சிலர், தெய்வம் என்பார் சிலர். அந்த நிற்பின் திமிரைப் பார்த்தால், நான் தேரோட்டிக் கட்சி.