அட்டிலின் கறை

புணேயிலிருந்து அகில்யாநகர் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ளது ரஞ்சன்காவ். மராட்டியர் போற்றும் அட்டவிநாயகத் தலங்கள் எட்டனுள் இதுவும் ஒன்று. முப்புரம் எரிக்கப் புறப்பட்ட சிவபெருமான், விநாயகரை முதற்கண் நினையாமையால் வெற்றி காணாது, பின்னர் அவரை வழிபட்டு வென்றார் என்பது இத்தலத்துக் கதை. நம் அச்சிறுபாக்கத்துக் கதையிலோ, அதே பயணத்தில் தேரின் அச்சே முறிந்துவிடுகின்றது. இறைவன் புறப்பாட்டிற்கே இடையூறு நேருமாயின், காலைப் பணிமுறைக்குக் கணவனையும் பள்ளி வண்டிக்குப் பிள்ளைகளையும் ஒருசேர அனுப்பவேண்டிய இல்லத்தின் நிலையைக் கேட்பானேன்! இங்குள்ள தொழிற்பேட்டையை ஒட்டிக் குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் விடியற்பொழுதை அறிந்தவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. சித்திரை வெயிலில் தோசைமாவு இரவோடிரவாகப் பொங்கிப் பாத்திரத்தை விட்டு வழிந்து கிடக்கும். குழம்பு கொதிக்கும் வேளை பார்த்துச் சிலிண்டர் தீரும். ஆடியில் உலராத பள்ளிச் சீருடையைச் சூடான தேய்ப்புப் பெட்டியால் அழுத்தி அழுத்தி உலர்த்தியாக வேண்டும். அதற்குள் மின்சாரம் நின்றுவிடும்.

இவ்வூரில் நம்மவர் சிலர் கூடிய இலக்கியக் கூட்டமொன்றில், குறுந்தொகையின் 167ஆம் பாட்டைப் பற்றிப் பேச யாம் அழைக்கப்பெற்றிருந்தோம். கூடலூர் கிழார் இயற்றிய அப்பாட்டை அறியாதார் இலர். புதுமணப்பெண் ஒருத்தி கட்டித்தயிரைத் தன் மெல்விரலால் பிசைகின்றாள். நெகிழ்ந்த ஆடையை அக்கையாலேயே பற்றி உடுத்துக்கொள்கின்றாள். தாளிப்பின் புகை கண்ணில் நிறைகின்றது. தானே துழாவிச் சமைத்த புளிப்புணவைக் கணவன் இனிதென உண்ண, அவள் முகம் நுண்ணியதாக மகிழ்கின்றது. இல்லறத்தின் இனிமைக்கு இதனினும் சிறந்த ஓவியம் இல்லை என்று, திருமண மேடைகளில் பல்லாண்டுகளாகச் சொல்லிவந்ததையே அன்றும் சொன்னோம். முடிந்ததும் அம்மையார் ஒருவர் எழுந்தார். “ஐயா, அந்தச் சேலையை அப்புறம் யார் துவைத்தார்கள் என்று பாட்டில் இருக்கிறதா?” என்று வினவினார். அவை நகைத்தது. யாமும் நகைத்தோம். வீடு திரும்பும் வழியில் நகைப்பு நீங்கிற்று, வினா நீங்கவில்லை. அதற்கு அன்று சொல்லியிருக்க வேண்டிய விடையையே காலந்தாழ்த்து இங்கு எழுதுகின்றோம்.

பாட்டை மீண்டும் எடுத்துப் பார்த்தபோது எம்மை முதலில் நாணச் செய்தது ஒன்றுண்டு. ஆடை துவைக்கப்படாதது என்பதைப் புலவர் மறைக்கவேயில்லை. ஆறடிப் பாட்டில் அதற்கும் இடம் தந்திருக்கின்றார். கணவனைக் காட்டுவதற்கு முன்னே கறையைத்தான் காட்டுகின்றார். மறைத்தவர்கள் யாமே. முகத்தின் மகிழ்ச்சியைப் பத்து மணித்துளி விரிப்போம், தயிர்க்கறையை ஒரு சொல்லில் கடந்துவிடுவோம். பாட்டிலிருந்த சேலையை மேடையில் நின்று வெளுத்தவர்கள் எம் போன்ற சொற்பொழிவாளர்களே என்பதுதான் அவ்வம்மையாரின் வினாவுக்கு நேர்மையான விடை.

இரண்டாவது, பேசுவார் யார் என்பது. மகளின் மனைக்குச் சென்று மீண்ட செவிலி, பெற்ற தாய்க்கு உரைத்ததாக அமைந்தது இப்பாட்டு. பாலுண்ண மறுத்துப் பந்தரைச் சுற்றி ஓடியவள் என்று, போதனார் பாடிய நற்றிணை 110ஆம் பாட்டு காட்டும் செல்வ மகளையொத்த ஒருத்தி, இன்று புகையில் நிற்கின்றாள். அவள் எப்படியிருக்கின்றாளோ என்று ஏங்கும் தாய்க்கு ஆறுதல் சொல்ல வந்தவள் செவிலி. ஆறுதல் சொல்ல வந்தவளும் கறையையும் புகையையும் விடாது சொல்கின்றாள் என்பதே இப்பாட்டின் உயிர். ‘துன்பமில்லை’ என்று அவள் சொல்லவில்லை. துன்பத்தினூடே ஒரு மகிழ்ச்சி கண்டேன், அதுவும் மிக நுண்ணியது என்கின்றாள். அந்த ‘நுண்மை’ யாருக்கும் தெரியாத மகிழ்ச்சியைக் குறிக்கும் என்று நயம் பாராட்டுவர். மிகச் சிறிய மகிழ்ச்சி என்று கொள்ளுதற்கும் இடமுண்டு என்று இப்போது எமக்குத் தோன்றுகின்றது. இது எம் கருத்தேயன்றி முடிபன்று.

நற்றிணை 120ஆம் பாட்டில் பேசுபவன் கணவன். பாடியவர் மாங்குடி கிழார். மனைவி ஊடியிருக்கின்றாள். பரத்தையிடம் சென்று மீண்டவன் மேலுள்ள சினம் அது. ஆயினும் அட்டிலில் நிற்கின்றாள். வாழையிலையை வகிர்ந்து விரல் சிவந்திருக்கின்றது, புகையுண்டு கண் அமர்த்திருக்கின்றது, நுதலில் அரும்பிய வியர்வையைத் துகிலின் தலைப்பால் துடைக்கின்றாள். இத்தனையும் கண்டுநிற்கும் கணவன் வேண்டுவது யாது? விருந்தினர் யாரேனும் வரவேண்டும் என்பதே! விருந்தைக் கண்டால் அவள் சினத்தை மறைத்து முறுவலிப்பாள், அம்முகத்தைத் தான் காணலாம் என்கின்றான். தமிழர் விருந்தோம்பலுக்குச் சான்றாக இப்பாட்டைக் காட்டுவர் அறிஞர். சான்றுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் வியர்வையில் நிற்பவளுக்கு மேலும் இரண்டு இலை போடச் செய்து, அதனால் தன் பிழையிலிருந்து தப்ப நினைக்கும் ஒருவனின் சூழ்ச்சியும் அதில் இருக்கின்றது. மாங்குடி கிழார் அதனை அறியாதவர் அல்லர். கணவன் வாயிலாகவே கணவனைக் காட்டிக்கொடுக்கும் நகைச்சுவை இது. ஞாயிற்றுக்கிழமை நண்பகல் திடுமென நண்பர்களை அழைத்துவரும் எம் போன்றோர், இப்பாட்டைச் சற்றே தலைகுனிந்து படித்தல் நலம்.

இவ்விரு பாட்டிலும் அட்டிலில் நின்றவள் வாய் திறக்கவில்லை. மதுரையில் விரல் சிவக்க, முகம் வியர்க்க, கண் சிவக்கச் சமைத்த கண்ணகியும் அடுக்களையில் தன் வருத்தத்தைச் சொல்லவில்லை. அது அவள் கணவனுக்கு இட்ட கடைசி உணவாதலால் அங்கு நாம் நகைக்கவும் முடியாது.

சொல்பவள் ஒருத்தி உண்டு. கலித்தொகை 51ஆம் பாட்டின் தலைவி அவள். உண்ண நீர் கேட்டு வந்தவன் வளையணிந்த முன்கையைப் பற்றிவிட, அவள் அலறிவிடுகின்றாள். தாய் பதறி ஓடிவருகின்றாள். ‘நீர் விக்கினான்’ என்று மகள் பொய் சொல்ல, தாய் அவன் முதுகை நீவிக்கொடுக்கின்றாள். வீட்டில் நேர்ந்த ஓர் இடர், அது நேர்ந்தவள் வாயாலேயே தோழிக்குச் சொல்லப்படுகின்றது. அலறியதும் தான், பொய் சொன்னதும் தான் என்று ஒளியாமல் சொல்கின்றாள். கபிலர் பாட்டின் சுவை கதையில் மட்டும் இல்லை, இந்தக் குரலில் இருக்கின்றது. சிறுவயதில் தன் மணல்வீட்டைச் சிதைத்த பயலே அவன் என்னும் எரிச்சல்கூட அதில் மாறாதிருக்கின்றது. தன் வீட்டு இடரைத் தானே சொல்லும் இக்குரலைப் பின்வந்த நம் இலக்கியம் பெண்களுக்குத் தாராளமாகத் தரவில்லை. அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ 1988இல் நூலாக வந்தபோது, சமையலறையின் இருளையும் இடுக்கையும் உள்ளிருந்து பேசிய எழுத்தாக அது பலரைத் திடுக்கிடச் செய்தமைக்கு இவ்விடைவெளியே காரணம் போலும்.

மராட்டியத்தில் இக்குரல் முன்னரே உரக்க எழுந்துவிட்டது. ரஞ்சன்காவிலிருந்து இதே நெடுஞ்சாலையில் மேலே சென்றால் அடையும், அகமதுநகர் என வழங்கிய ஊரில் நெடுங்காலம் இல்லறம் நடத்தியவர் இலக்குமிபாய் திலக். 1868இல் நாசிக் அருகே பிறந்து, பதினொரு வயதளவில் கவிஞர் நாராயண் வாமன் திலக்குக்கு மணம் செய்விக்கப்பட்டவர். பள்ளிப்படிப்பு இல்லாதவர். 1934 முதல் 1936 வரை நான்கு பகுதிகளாக வெளிவந்த ‘ஸ்மிருதி சித்ரே’ என்னும் தன்வரலாறு, அவர் வீட்டில் பேசிய மராட்டியிலேயே அமைந்தது. கையிலுள்ள காசை அடுத்தவேளை அரிசியை எண்ணாமல் பிறர்க்கு ஈந்துவிடும் கணவர், சொல்லாமல் புறப்பட்டுவிடும் கணவர், 1895இல் கிறித்தவம் தழுவிக் குடும்பத்தையே கலங்கச் செய்த கணவர் என அனைத்தையும் அவர் சொல்கின்றார். புலம்பவில்லை, கணவரைத் தூற்றவுமில்லை. தம் அறியாமையையும் சேர்த்தே நகைக்கின்றார். தொடக்கத்தில் வருபவர் அவருடைய தந்தையார். மடி, ஆசாரம் என்னும் அச்சத்தால் வீட்டுக்குள் வரும் பொருள்களையெல்லாம் கழுவிக்கொண்டேயிருந்தவர் அவர். வீடு முழுவதையும் கழுவிய அத்தந்தையின் மகள், தம் வாழ்க்கையை எழுத வந்தபோது எதனையும் கழுவாமல் எழுதினார். சாந்தா கோகலே 2017இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு, மராட்டி அறியாத நம்மவர்க்கும் இதனை எட்டச் செய்துள்ளது. மராட்டிய மண்ணில் நெடுநாள் வாழும் தமிழருள் ஒருவர் இதனை மூலத்திலிருந்தே தமிழாக்குவாராயின் பெருந்தொண்டாகும்.

குறுந்தொகைப் பாட்டினும் இந்நூல் உயர்ந்தது என்பது எம் கருத்தன்று. ஆறடிக்குள் கூடலூர் கிழார் கண்டதை ஆயிரம் பக்கத்திலும் காண்டல் அரிது. ஆயினும், கண்டவர் சொல்லைப் படித்தபின் பட்டவர் சொல்லையும் படித்தாலன்றி, அச்சேலையின் கறை எத்தகையது என்பது நமக்குப் புலனாகாது.

அடுத்த கூட்டத்தில் அதே பாட்டைப் பற்றி அவ்வம்மையாரே பேசவேண்டும் என்று கேட்டுக்கொண்டோம். கணவருக்கு இந்த வாரம் காலைப் பணிமுறை, அடுத்த வாரமாயின் வருகின்றேன் என்றார்.